வானத்தில் ஒரு வாய்த் தண்ணீர்

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "இயற்பியல் மாணவனிடம் என்ன கட்டுரை கிடைக்கும்?" என்று தட்டிக் கழிக்கப் பார்த்தேன். "உன் பாடத்தைப் பற்றியே எழுது, எங்களுக்கும் விளங்குமாறு எழுது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆகவே, பாடத்தைப் பற்றியே எழுதுகிறேன். ஆனால் இது வகுப்பறையில் கற்ற பாடம் அன்று. சென்ற ஆண்டு டிசம்பர் மாதத்தில், குவாஹாட்டிக்கும் தில்லிக்கும் இடையே, ஏறத்தாழ 35,000 அடி உயரத்தில் கற்ற பாடம். கற்பித்தவர், பள்ளிக்கூடத்து வாயிலை மிதித்தறியாத ஒரு பாட்டி.

விமானத்தில் நேரும் விபத்து என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது நெருப்பும் புகையும்தான். அத்தகைய விபத்துகள் மிக அரியவை. ஆனால், எந்தச் செய்தித்தாளும் கண்டுகொள்ளாத சின்னஞ்சிறு விபத்துகள் நாள்தோறும் வானத்தில் நடந்துகொண்டே இருக்கின்றன. கொதிக்கும் தேநீர் மடியில் கவிழும். தலைக்கு மேலுள்ள அறையிலிருந்து பெட்டி நழுவி எவர் மண்டையிலேனும் விழும். கைக்குழந்தை காது வலி தாங்காமல் வீரிட்டு அழும். கைப்பேசி இருக்கையின் இடுக்கில் விழுந்து நசுங்கும்; அதன் மின்கலம் சூடேறிப் புகையும். இவற்றையெல்லாம் சமாளிக்க அங்கே தீயணைப்பு நிலையமும் கிடையாது, மருத்துவமனையும் கிடையாது. இருப்பவர்கள் நாலைந்து பணியாளர்கள். இருப்பது ஒரு முதலுதவிப் பெட்டி. மற்றபடி உடன் பயணம் செய்கிறவர்களின் நல்ல மனம்.

என் முதல் விமானப் பயணத்திலேயே எனக்கும் ஒரு விபத்து நேர்ந்தது. தாத்தா கொடுத்த மையூற்றுப் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பெருமையுடன் ஏறி உட்கார்ந்தேன். விமானம் மேலே ஏறி அரைமணி நேரம் ஆவதற்குள் என் வெள்ளைச் சட்டையின் இடப்புறத்தில் ஒரு நீல மலர் பூத்துவிட்டது! பக்கத்தில் இருந்தவர் எனக்கு நெஞ்சில் ஏதோ நேர்ந்துவிட்டதென்று பதறிப்போனார். இயற்பியல் மாணவனுக்கு இதைவிட வெட்கக்கேடு வேறு என்ன வேண்டும்? 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதியை ஒன்பதாம் வகுப்பிலேயே நெட்டுருப் போட்டவன் நான். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும். விரிந்த காற்று பேனாவுக்குள் இருக்கும் மையைப் பிடித்து வெளியே தள்ளும். விதியை அறிந்திருந்தேன். அது என் சட்டைப் பைக்கும் பொருந்தும் என்பதை மட்டும் அறிந்திருக்கவில்லை!

அன்பர்கள் சிலருக்கு இங்கே ஓர் ஐயம் எழலாம். விமானத்துக்குள்தான் காற்றை அடைத்து வைத்திருக்கிறார்களே, பின் ஏன் அழுத்தம் குறைகிறது? அடைத்து வைத்திருப்பது உண்மைதான். ஆனால், தரையில் உள்ள அழுத்தத்தை அப்படியே உள்ளே வைத்திருக்க வேண்டுமானால் விமானத்தின் உடலை இன்னும் கனமாகக் கட்டவேண்டும். ஆகையால், ஆறாயிரம் அடி முதல் எட்டாயிரம் அடி வரை உயரமுள்ள மலையில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவே உள்ளே வைக்கிறார்கள். எட்டாயிரம் அடி என்பது உதகமண்டலத்தைவிடச் சற்று உயரம். தொட்டபெட்டாவைவிடச் சற்றுத் தாழ்வு. கடல்மட்டத்து அழுத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் அங்கே உண்டு. தரையில் ஒரு படி இருந்த காற்று அங்கே மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரிந்து நிற்கும். பேனா கசிவதும், வறுவல் பொட்டலம் பலூன்போல் உப்புவதும், காது அடைப்பதும் இந்த ஒரே காரணத்தால்தான். நாம் மூச்சில் வாங்கும் பிராணவாயுவும் அதே கணக்கில் குறைகிறது. காற்றின் ஈரப்பதமோ நூற்றுக்கு இருபதுக்கும் கீழே போய்விடுகிறது. நல்ல உடல்நலம் உள்ளவருக்கு இவையெல்லாம் ஒரு பொருட்டல்ல. வயோதிகருக்கும் நோயாளிக்கும் அப்படிச் சொல்வதற்கில்லை.

இனிக் கதைக்கு வருகிறேன்.

குவாஹாட்டியில் இரண்டு வாரப் பயிற்சி வகுப்பு ஒன்றை முடித்துக்கொண்டு தில்லிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மூன்று இருக்கைகள் கொண்ட வரிசையில் எனக்கு நடு இருக்கை. நடைபாதை ஓரத்தில் நடுத்தர வயதுள்ள ஒரு வியாபாரி. சன்னல் ஓரத்தில் அந்தப் பாட்டி. கண்டாங்கிச் சேலை, காதில் தேய்ந்துபோன கம்மல், நெற்றியில் திருநீறு, மடியில் இறுகப் பிடித்த ஒரு மஞ்சள் துணிப்பை. பையில் எழுதியிருந்த ஜவுளிக்கடைப் பெயரைப் படிக்காமலே அவர் எந்த ஊர்ப் பக்கத்தவர் என்று என்னால் சொல்லிவிட முடியும். என் ஊரும் அதே பக்கந்தான்.

ஆனால் நான் ஒன்றும் பேசவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயதில் தில்லிக்குப் படிக்க வந்தபோது எனக்கு இந்தியில் இரண்டு வாக்கியங்கள்கூடச் சேர்ந்தாற்போல் வாராது. விடுதியில் நான் வாயைத் திறந்தால் போதும், சிரிப்பு எழும். "மதராசி, மதராசி" என்று கூப்பிடுவார்கள். அவர்கள் அதைப் பகையோடு சொல்லவில்லை என்பது இன்று விளங்குகிறது. அன்று தலையணையில் முகம் புதைத்து அழுதிருக்கிறேன். பிறகு ஒரு வெறியோடு இந்தியைக் கற்றேன். ஆறு ஆண்டுகளில் என் பேச்சைக் கேட்டு நான் எந்த ஊரான் என்று எவராலும் கண்டுபிடிக்க இயலாத நிலைக்கு வந்தேன். ஒரு மொழியைக் கற்பது நல்ல காரியந்தான். ஆனால் நான் கற்றது பேசுவதற்கு மட்டும் அன்று. ஒளிந்துகொள்வதற்கும் அதுவே எனக்குப் பயன்பட்டது.

அன்றும் அப்படித்தான். வியாபாரி என்னோடு இந்தியில் கலகலப்பாகப் பேசிக்கொண்டு வந்தார். என்னைத் தம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளை என்றே நினைத்துவிட்டார். நானும் திருத்தவில்லை. விமானம் மேலே ஏறிச் சமனானதும் வலப்புறச் சன்னலில் வெண்பனிச் சிகரங்கள் வெயிலில் மின்னின. கஞ்சன்ஜங்கா அது. பாட்டி சன்னலில் முகத்தை ஒட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, குழந்தைபோல் கண்களை அகல விரித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, அது மேகமா, மலையாப்பா?"

நான் விளங்காதவனைப்போல் உதட்டைப் பிதுக்கினேன்.

வியாபாரி சிரித்துக்கொண்டே, "மதராசிக் கிழவி போலிருக்கிறது; பாவம், அவள் பேசுவது ஆண்டவனுக்குத்தான் விளங்கும்" என்றார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என் உடம்பு கூசுகிறது.

இன்னும் சிறிது நேரம் கழித்து, பாட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, எங்கனா ஒதுங்கற எடம் இருக்குதாப்பா?" என்றார். ஒரு வயதான பெண்மணி, முன்பின் அறியாத இளைஞனிடம் இதைக் கேட்க எவ்வளவு தயங்கியிருப்பார்! நான் காதில் இசைக்கருவியைச் செருகிக்கொண்டு கண்ணை மூடினேன். பணிப்பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். பாட்டி வேண்டாம் என்று கையசைத்துவிட்டார். சிற்றுண்டி வண்டி வந்தது, அதற்கும் வேண்டாம்.

ஒரு மணி நேரம் கடந்திருக்கும். பாட்டியின் தலை என் தோளில் சாய்ந்தது. தூங்குகிறார் என்று எண்ணி மெல்ல நகர்ந்துகொண்டேன். தலை இன்னும் கீழே சரிந்தது. கையைத் தொட்டுப் பார்த்தால், பனிக்கட்டிபோல் சில்லிட்டிருந்தது. நெற்றி முழுதும் வேர்வை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தலைக்கு மேலிருந்த அழைப்புப் பொத்தானை எட்டி அழுத்தியவர் அந்த வியாபாரிதான்.

பணிப்பெண்கள் இருவர் விரைந்து வந்தார்கள். அவர்கள் காரியம் செய்த நேர்த்தியை நான் இங்கே பாராட்டியே ஆகவேண்டும். பதற்றம் இல்லை, கூச்சல் இல்லை. வியாபாரியும் நானும் கைகொடுக்க, பாட்டியைத் தூக்கிக்கொண்டுபோய், விமானத்தின் பின்பகுதியில் உணவு வண்டிகள் நிறுத்தும் இடத்தில் தரையில் மல்லாத்திக் கிடத்தினார்கள். கால்களைத் தூக்கி ஒரு பையின்மேல் வைத்தார்கள். நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் இரத்தம் கால்களில் தங்கிவிடும்; மூளைக்குப் போவது குறையும்; மயக்கம் வரும். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் இரத்தம் தலைக்குத் திரும்பும். ஒருத்தி பிராணவாயு உருளையைக் கொண்டுவந்து மூக்கிலும் வாயிலும் மூடியைப் பொருத்தினாள். மற்றொருத்தி விமானிக்குச் செய்தி சொன்னாள். "பயணிகளில் மருத்துவர் எவரேனும் இருக்கிறீர்களா?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள்.

ஓர் அம்மையார் எழுந்து வந்தார். அவர் குழந்தை மருத்துவர். அறுபத்தெட்டு வயதுக் குழந்தையைப் பார்க்க நேர்ந்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மண்டியிட்டு அமர்ந்து நாடியைப் பிடித்தார். சிறிது நேரத்தில் பாட்டி கண்ணைத் திறந்தார். ஏதோ முணுமுணுத்தார். மருத்துவர் இந்தியில் கேட்டார், ஆங்கிலத்தில் கேட்டார். சர்க்கரை நோய் உண்டா? நெஞ்சு வலிக்கிறதா? என்ன மருந்து சாப்பிட்டீர்கள்? பாட்டி மலங்க மலங்க விழித்தார். பிறகு அதே வார்த்தைகளை மறுபடியும் முணுமுணுத்தார்.

மீண்டும் ஒலிபெருக்கி பேசிற்று. "பயணிகளில் தென்னாட்டு மொழி ஏதேனும் தெரிந்தவர் இருக்கிறீர்களா? தயவுசெய்து பின்பகுதிக்கு வாருங்கள்."

நான் அப்போது நின்றுகொண்டிருந்தது அவர்களிடமிருந்து ஐந்தடி தூரத்தில்! பாட்டி முணுமுணுத்த ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. "மாத்திர போட்டேன்... ஒண்ணும் சாப்புடல..." என்கிறார். இதைச் சொல்லிவிட வேண்டியதுதானே? சொல்ல நாக்கு எழவில்லை. பக்கத்தில் வியாபாரி நிற்கிறார். சற்று முன்பு நான் அவரோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். வேறு எவரேனும் எழுந்து வரமாட்டார்களா என்று பார்த்தேன். நீண்ட நடைபாதையில் ஒருவரும் எழவில்லை. அரை நிமிஷந்தான் இருக்கும். என் வாழ்நாளிலேயே நீண்ட அரை நிமிஷம் அதுதான்.

"எனக்குத் தமிழ் தெரியும்" என்றேன். பிறகு, அது அரைப் பொய் என்று தோன்றவே, "நான் தமிழன்" என்றேன்.

வியாபாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையில் உட்கார்ந்து, "பாட்டி" என்றேன். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அந்த முகத்தில் வந்த தெளிவை நான் எப்படி எழுதுவேன்!

விஷயம் இரண்டு நிமிஷத்தில் வெளியாயிற்று. இளைய மகன் இராணுவத்தில்; அஸ்ஸாமில் வேலை. பேரன் பிறந்ததைப் பார்த்துவிட்டு, தில்லியில் உள்ள மூத்த மகனிடம் போகிறார். விமானம் இதுவே முதல் தடவை. சர்க்கரை நோய் உண்டு. விடியற்காலையில் மாத்திரை போட்டுக்கொண்டார். ஆனால் முந்திய இரவிலிருந்து ஒரு கவளம் உண்ணவில்லை. ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்கவில்லை. ஏன்? "தண்ணி குடிச்சா ஒதுங்கணுமே தம்பி. எடம் தெரியல. எந்தக் கதவையும் தொட்டுடாதம்மான்னு எம்புள்ள சொல்லி அனுப்பிச்சான்."

நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். மருத்துவரின் முகம் மாறிற்று. மாத்திரை சர்க்கரையைக் குறைத்துவிட்டது. ஈடுசெய்ய வயிற்றில் உணவில்லை. உடம்பில் நீரும் இல்லை. நினைவு தெளிந்து விழுங்க முடிகிறதா என்று நன்றாகச் சோதித்த பிறகு, பழச்சாற்றில் சர்க்கரை கலந்து மெல்ல மெல்லக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். நினைவிழந்து கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்று எனக்கும் விளக்கினார். தலைமைப் பணிப்பெண் வந்து, "பாட்னாவிலோ லக்னோவிலோ இறக்கவேண்டுமா என்று விமானி கேட்கிறார்" என்றாள். "கால் மணி நேரம் பொறுங்கள்" என்றார் மருத்துவர். அந்தக் கால் மணி நேரமும் நான் பாட்டியிடம் பேரனைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பேச்சு குழறுகிறதா என்று மருத்துவர் கவனித்துக்கொண்டே இருந்தார். குழறவில்லை. கை சூடாயிற்று. வேர்வை நின்றது. விமானம் தில்லிக்கே நேராகச் சென்றது. தரையில் மருத்துவ உதவிக்குச் சொல்லி வைத்தார்கள்.

பணிப்பெண்ணின் துணையோடு கழிவறைக்கும் போய்வந்தார் பாட்டி. வந்ததும் பெருமூச்சு விட்டுக்கொண்டு சொன்னார்: "நீ மொதல்லயே பேசியிருந்தீனா, நானு ரெண்டு மடக்குத் தண்ணி குடிச்சிருப்பேனே தம்பி."

அதைக் குறையாகச் சொல்லவில்லை அவர். கடையில் உப்பு இல்லை என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திராது. வியாபாரியும் என்னை ஏளனம் செய்யவில்லை. "மகனே, உனக்குத் தெரியும் என்றால் ஏன் முதலிலேயே சொல்லவில்லை? என்னிடமா பயந்தாய்?" என்றுதான் கேட்டார். தம்முடைய சிரிப்பையும் நினைத்துக்கொண்டிருப்பார் போலும், குரல் தணிந்திருந்தது. நான் பதில் சொல்லவில்லை. இருக்கைக்குத் திரும்பியபோது பாட்டியைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தவரும் அவரே.

சன்னலில் இப்போது வேறு சிகரங்கள் தெரிந்தன. "மலைதான் பாட்டி, இமயமலை" என்றேன். பாட்டி இரு கைகளையும் குவித்துக் கும்பிட்டார். "கயிலாசம் இதுல எதுப்பா?" என்றார். "அது இன்னும் அப்பால் இருக்கிறது" என்றேன். "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தார்.

விடுதிக்கு வந்த பிறகு, இத்தகைய நிகழ்ச்சிகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். குற்றமுள்ள நெஞ்சு நன்றாகப் படிக்கும் அல்லவா? 2013இல் அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்றில் வெளியான ஆய்வு, 2008 முதல் 2010 வரை ஐந்து விமான நிறுவனங்களிலிருந்து வந்த 11,920 அவசர அழைப்புகளை எடுத்து ஆராய்ந்திருக்கிறது. ஏறத்தாழ 604 பயணங்களுக்கு ஒரு முறை ஏதேனும் ஒரு மருத்துவ அவசரம் நேர்கிறதாம். அவற்றுள் நூற்றுக்கு முப்பத்தேழுக்கு மேற்பட்டவை மயக்கமோ மயக்கத்துக்கு முந்திய தலைச்சுற்றலோதான். விமானத்தைப் பாதிவழியில் இறக்கவேண்டி வந்தது நூற்றுக்கு ஏழு தடவைதான். ஏறக்குறையப் பாதி நிகழ்ச்சிகளில் பயணிகளுள் ஒரு மருத்துவர் இருந்து உதவியிருக்கிறார். முன்பின் அறியாதவர் எழுந்து வருவது அவ்வளவு அரியது அன்று என்பதை அறிந்தபோது, மனித குலத்தின்மேல் எனக்கு மதிப்பு உயர்ந்தது. என்மேல் சற்றுக் குறைந்தது.

அப்படி எழுந்து வந்தவர்களுள் மறக்க முடியாதவர் ஆங்கஸ் வாலஸ் என்னும் எலும்பு மருத்துவர். 1995 மே மாதத்தில் ஹாங்காங்கிலிருந்து இலண்டனுக்குச் சென்ற விமானத்தில் ஒரு பெண் பயணிக்கு மூச்சுத் திணறிற்று. விமான நிலையத்துக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர் அவர். விலா எலும்பு முறிந்து நுரையீரலைக் குத்தியிருந்தது. மார்புக்குள் சிக்கிய காற்று நுரையீரலை நசுக்கிக்கொண்டிருந்தது. உயரத்தில் காற்று விரியும் என்ற அதே பாயில் விதி இங்கே உயிருக்கு எமனாக நின்றது! வாலசும் டாம் வாங் என்ற இளைய மருத்துவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? சட்டை மாட்டும் கம்பி ஒன்றை நிமிர்த்தி, பிராந்தியில் தோய்த்துத் தூய்மை செய்து, சிறுநீர்க் குழாய் ஒன்றை அதன் துணையால் மார்புக்குள் செலுத்தினார்கள். குழாயின் மறுமுனையைத் தண்ணீர்ப் புட்டி ஒன்றில் அமிழ்த்தினார்கள். சிக்கிய காற்று குமிழி குமிழியாக வெளியேறிற்று. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

பாட்டியின் அச்சங்களையும் ஆராய்ந்து பார்த்தேன். அவை பேதைமை என்று தள்ளிவிடத் தக்கவை அல்ல. தவறான கதவைத் திறந்துவிட்டால்? உயரே பறக்கும்போது அது நடக்காது. 35,000 அடியில் வெளியே உள்ள அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் கால் பங்குக்கும் குறைவு. உள்ளிருந்து கதவின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறத்தாழ ஐந்து டன் எடைக்குச் சமமான விசை அழுத்திக்கொண்டிருக்கும். பீமனே வந்தாலும் திறக்க முடியாது. ஆனால் தரைக்கு அருகில் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. 2023 மே மாதத்தில் தென் கொரியாவில், இறங்கிக்கொண்டிருந்த விமானம் ஒன்றில் ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில் ஒரு பயணி கதவைத் திறந்தேவிட்டார். நல்லவேளையாக விமானம் பத்திரமாக இறங்கிற்று. கழிவறைக் கதவு சிக்கிக்கொண்டால்? வழக்கமாக அதை வெளியிலிருந்தும் பணியாளர்கள் திறக்க முடியும். ஆயினும் 2024 ஜனவரியில் மும்பையிலிருந்து பெங்களூர் சென்ற விமானத்தில் ஒருவர் கழிவறைக்குள் சிக்கிக்கொண்டார். எவ்வளவு முயன்றும் கதவு திறக்கவில்லை. பணிப்பெண் ஒரு காகிதத்தில், பயப்பட வேண்டாம், மூடியைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்து பிடித்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கதவின் கீழே தள்ளினாள். இறங்கிய பிறகே பொறியாளர்கள் வந்து அவரை மீட்டார்கள். அந்தக் காகிதத்தைப் பற்றி நான் நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். அங்கே அகப்பட்டவருக்கு எழுத்துத் தெரிந்திருந்தது. எழுதிய மொழியும் தெரிந்திருந்தது. நம் பாட்டியாக இருந்திருந்தால்?

1930 மே மாதத்தில் அமெரிக்காவில் எல்லன் சர்ச் என்ற பெண்மணி உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். அவரும், அவரோடு முதலில் சேர்ந்த மற்ற எழுவரும் பயிற்சி பெற்ற செவிலியர்கள். பயணிகளின் அச்சத்தைப் போக்குவதே முதல் வேலை என்று அன்றே உணர்ந்திருந்தார்கள். அச்சத்தைப் போக்க மருந்து வேண்டுவதில்லை. விளங்கும் மொழியில் ஒரு சொல் போதும்.

அன்பர்களே! நம்மில் பலருடைய பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் நம்மைப் பார்க்க இந்த ஊருக்கு வருகிறார்கள். இரண்டு இரவுகள் இரயிலில் வந்த காலம்போய், இப்போது விமானத்தில் தனியே ஏற்றி அனுப்புகிறார்கள். ஆகவே, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். கைக்கடக்கமான ஓர் அட்டை அச்சிடுவோம். ஒரு பக்கத்தில் தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் அவருடைய பெயர், வயது, நோய், உட்கொள்ளும் மருந்து, இரு முனைகளிலும் தொடர்புகொள்ள வேண்டியவரின் தொலைபேசி எண் ஆகியவை இருக்கட்டும். "எனக்குத் தண்ணீர் வேண்டும்", "கழிவறைக்கு வழி காட்டுங்கள்", "எனக்கு மயக்கமாக இருக்கிறது" என்ற மூன்று வாக்கியங்களும் இருக்கட்டும். விரலால் தொட்டுக் காட்டினால் போதும். எழுத்தறியாதவருக்காகப் பக்கத்தில் சிறு படமும் வரைவோம்.

மறுபக்கத்தில், வழியனுப்பும் நமக்குச் சில நினைவூட்டல்கள்: "எந்தக் கதவையும் தொடாதே" என்று அச்சுறுத்தி அனுப்பாதீர்கள், எந்தக் கதவைத் தொடலாம், அதை எங்கே அழுத்தினால் மடியும் என்று சொல்லி அனுப்புங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை வேண்டாம். பையில் பிஸ்கட்டும் இரண்டு மிட்டாயும் இருக்கட்டும். மருந்தைச் சரக்கில் போடாமல் கையில் கொடுத்தனுப்புங்கள். தலைக்கு மேலுள்ள அழைப்புப் பொத்தானைத் தயங்காமல் அழுத்தச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் இருக்கை வாரைக் கட்டியிருக்கச் சொல்லுங்கள், 2024 மே மாதத்தில் இலண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் வானில் திடீரெனக் குலுங்கியபோது, ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர்.

அட்டையின் மாதிரி ஒன்றை நானே எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். எழுதும்போது தாத்தாவின் பேனாவைத்தான் பயன்படுத்தினேன். இப்போதெல்லாம் விமானத்தில் போகும்போது அதில் மையை முழுக்க நிரப்பி, முள் மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்தி வைக்கிறேன், கசிவதில்லை. இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. இருக்கையில் அமர்ந்ததும் அக்கம்பக்கம் பார்க்கிறேன். மஞ்சள் பை ஏதேனும் கண்ணில் பட்டால், அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நானே முதலில் கேட்டுவிடுகிறேன்: "எந்த ஊருங்க?"